குனியாமல் செய்யும் தோட்டம்: முதியோர் இல்லங்களில் மேடைப் பாத்திகள்

நாற்பது ஐம்பது ஆண்டுகள் மண்ணில் உழைத்த ஒருவரை ஒரு கட்டிலிலும் ஒரு நாற்காலியிலும் உட்கார வைத்துவிட்டு, மூன்று வேளை உணவு கொடுத்தால் போதும் என்று நாம் எண்ணிவிடுகிறோம். 2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் அறுபது வயதைக் கடந்தவர்கள் 10 கோடிக்கும் மேல். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. மாவட்டத்திற்கு ஒன்றாவது, ஆதரவற்ற 150 பேராவது தங்கும் வகையில் முதியோர் இல்லங்களை மாநில அரசுகள் ஏற்படுத்தலாம் என்று அச்சட்டம் கூறுகிறது. இன்று இத்தகைய இல்லங்களில் இருப்பவர்களில் நிலம் வைத்திருந்தவர்களும், கூலிக்கு நாற்று நட்டவர்களும், மாடு கட்டிப் பால் கறந்தவர்களும் உண்டு. அவர்களுடைய கைக்கு எட்டும் இடத்தில் மண்ணைக் கொண்டுபோய் வைப்பது எப்படி என்பதை இக்கட்டுரையில் விளக்கியுள்ளோம். முழங்கால் வலியால் கொல்லைக்குப் போக முடியாமல் உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாய் தந்தையருக்கும் இம்முறைகள் அப்படியே பொருந்தும்.

நாங்கள் செய்த தவறு

முதலில் ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு முதியோர் இல்லத்தில் காய்கறித் தோட்டம் போட்டுத் தருமாறு கேட்டார்கள். இரண்டரை சென்ட் இடத்தில் பார் பிடித்து, வாய்க்கால் வெட்டி, தக்காளியும் வெண்டையும் கீரையும் முறைப்படி பயிரிட்டோம். தோட்டம் நன்றாக வந்தது. ஆனால் நீர் பாய்ச்சியதும் களை எடுத்ததும் இல்லம் அமர்த்திய கூலியாள்தான். முதியவர்கள் தாழ்வாரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் ஒரு பெரியவர் பொறுக்க முடியாமல் இறங்கிப்போய் களையெடுக்கக் குந்தினார். குந்தியவரால் எழுந்திருக்க முடியவில்லை. வரப்பைப் பிடித்து எழ முயன்றபோது சாய்ந்து விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. அதன்பின் யாரும் தோட்டத்தில் இறங்கக் கூடாது என்று உத்தரவாயிற்று.

குறை அந்தப் பெரியவருடையதும் அல்ல, உத்தரவிட்டவர்களுடையதும் அல்ல. திடமான ஆளுக்குப் போடும் பாத்தியை எழுபத்தைந்து வயதுக்காரருக்குப் போட்டோம், குறை அதுதான். மறு ஆண்டு பாத்தியைத் தரையிலிருந்து தூக்கினோம்.

எந்த உயரம், எந்த அகலம்

பாத்தியின் உயரம் அதில் வேலை செய்பவரைப் பொறுத்தது. நாற்காலியிலோ, பாத்தியின் சுவர் மீதோ உட்கார்ந்து வேலை செய்பவருக்கு 45 முதல் 60 செ.மீ. உயரம் ஏற்றது. நிற்க முடியும், ஆனால் குனிய முடியாது என்பவருக்கு 75 முதல் 85 செ.மீ. வேண்டும். உயரம் குறைந்த பாட்டிமார்களுக்கு 75 செ.மீ. போதும், அதற்கு மேல் போனால் தோள் வலிக்கும்.

அகலத்தில்தான் பலர் தவறு செய்கிறார்கள். உட்கார்ந்த நிலையில் கை வசதியாக எட்டுவது சுமார் 60 செ.மீ. தூரம்தான். ஆகவே இரு பக்கமும் ஆள் வரக்கூடிய பாத்தி 120 செ.மீ. அகலத்திற்கு மேல் இருக்கக் கூடாது. சுவரை ஒட்டிய பாத்தி 60 செ.மீ. அகலத்தோடு நிற்க வேண்டும். எட்டாத இடத்தில் முளைக்கும் களையைப் பிடுங்க எக்கும்போதுதான் ஆள் விழுகிறார்.

செங்கல் கட்டுமானம் நல்லதே. ஆனால் குறைந்த செலவில் எல்லா ஊரிலும் கிடைக்கும் பொருள் கிணற்று உறை. 90 செ.மீ. விட்டமும் 30 செ.மீ. உயரமும் உள்ள சிமென்ட் உறைகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் 60 செ.மீ. உயரமுள்ள வட்டப் பாத்தி தயார். எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் நடுப்பகுதி கைக்கு எட்டும். இடித்துக்கொள்ளக் கூர்மையான மூலையும் கிடையாது. நின்று வேலை செய்பவர்களுக்கு மூன்று உறைகள் வைத்து, அடி உறையைப் 10 முதல் 15 செ.மீ. ஆழம் தரையில் புதைத்துவிடலாம். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிய பழைய கல்தொட்டி வீட்டில் சும்மா கிடந்தால், அடியில் துளையிட்டு அதையும் பயன்படுத்தலாம்.

ஈர மண்ணின் எடையைக் குறைவாக மதிப்பிட வேண்டாம். 3 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம், 60 செ.மீ. உயரம் உள்ள பாத்தியில் நிரம்பும் ஈர மண் 3 டன்னுக்கும் மேல் இருக்கும். எனவே பொறியாளரைக் கேட்காமல் மாடியில் இத்தகைய பாத்தியைக் கட்டக் கூடாது. தரையிலும் நன்றாகத் திமிசு போட்டுக் கெட்டிப்படுத்திய பிறகே கட்ட வேண்டும்.

சக்கர நாற்காலியில் இருப்பவர் உறைப் பாத்தியின் பக்கவாட்டில் வந்து இடுப்பைத் திருப்பித்தான் வேலை செய்ய முடியும். சிறிது நேரத்திலேயே முதுகு வலிக்கத் தொடங்கும். அவர்களுக்கு மேசைப் பாத்தி வேண்டும். சவுக்குக் கால்கள் மீது மூங்கில் பிளாச்சுகளைப் பரப்பி, நிழல்வலை விரித்து, 15 செ.மீ. ஆழத்திற்கு மண் கலவை இடலாம். கீழே முழங்கால் நுழைய 70 செ.மீ. உயரம் காலியாக இருக்க வேண்டும். மேசையின் மேல்மட்டம் 85 செ.மீ.க்கு மிகாமல் பார்த்துக்கொள்ளவும். 1.2 மீட்டர் நீளமும் 60 செ.மீ. அகலமும் உள்ள மேசை, ஈரத்துடன் சுமார் 150 கிலோ கனக்கும். கால்களைக் குறுக்குக் கட்டைகளால் இணைத்து உறுதிப்படுத்துவது அவசியம்.

மண் கலவை

செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு என்ற அளவில் கலந்துகொள்ளலாம். மேசைப் பாத்திக்கு மட்டும் செம்மண்ணில் பாதியைக் குறைத்து, மக்க வைத்த தென்னை நார்க்கழிவைச் சேர்த்தால் எடை குறையும், ஈரமும் நிற்கும். மக்காத நார்க்கழிவைப் பயன்படுத்தினால் பயிர் மஞ்சளாகிவிடும்.

உறைப் பாத்தியின் அடியில் 10 செ.மீ. உடைந்த செங்கல்லும், அதன்மேல் தேங்காய் மட்டைகளும் அடுக்கிவிட்டு, மேலே 30 செ.மீ. மண் கலவை நிரப்பினால் போதும். இதனால் மண்ணும் மிச்சம், வடிகாலும் நன்றாக அமையும். மட்டை மக்க மக்க மண் கீழே இறங்கும். ஆண்டுக்கு ஒருமுறை தொழு உரம் இட்டு மட்டத்தைச் சரிசெய்ய வேண்டும்.

பாதையும் நிழலும்

எவ்வளவு நல்ல பாத்தியாக இருந்தாலும் அங்கே போய்ச் சேர வழி இல்லாவிட்டால் பயனில்லை. பாதை 120 செ.மீ. அகலமாவது இருக்க வேண்டும். சக்கர நாற்காலி திரும்ப வேண்டிய இடத்தில் 150 செ.மீ. விட்டத்திற்கு இடம் விடவும். படிக்குப் பதிலாகச் சாய்தளம் அமைக்கும்போது 1 அடி உயரத்திற்கு 12 அடி நீளம் என்பது குறைந்த அளவு. பாதை மீது வழவழப்பான ஓடு பதிக்காமல், சொரசொரப்பான சிமென்ட் தளம் போட வேண்டும். மழைக்காலத்தில் பாசி படர்ந்தால் உடனே சுரண்டிவிட வேண்டும். தண்ணீர்க் குழாயைப் பாதையின் குறுக்கே போட்டு வைப்பதை அடியோடு நிறுத்துங்கள். பாதையின் ஓரங்களில் வெள்ளைச் சுண்ணாம்புக் கோடு இழுத்தால் பார்வை மங்கியவர்களுக்கு வழி தெரியும்.

கைப்பிடியும் முதுகுச் சாய்வும் உள்ள பெஞ்சுகளை ஏறக்குறைய 10 மீட்டருக்கு ஒன்றாகப் போடலாம். உட்காரும் மட்டம் 45 செ.மீ. இருந்தால் எழுவது எளிது. இன்னொன்றையும் கவனியுங்கள். கழிப்பறை தூரத்தில் இருந்தால் பல முதியவர்கள் தோட்டத்திற்கே வரமாட்டார்கள். வெட்கப்பட்டுக்கொண்டு காரணத்தையும் சொல்லமாட்டார்கள். கழிப்பறைக்கு அருகில் உள்ள இடத்தையே தோட்டத்திற்குத் தேர்ந்தெடுப்பது நல்லது.

நிழலுக்குப் பந்தல் போட்டுப் புடலையோ பீர்க்கோ ஏற்றலாம். காய் கண்ணுக்கெதிரே தொங்கும். பெஞ்சுக்கு மேலே முருங்கை மட்டும் வேண்டாம். கிளை மளுக்கென்று ஒடியும். மழைக்காலத்தில் கம்பளிப்புழு உதிர்ந்தால் மெலிந்த தோலில் தடிப்பு ஏறி அவதிப்படுவார்கள்.

என்ன பயிர் வைக்கலாம்

கைக்கு எட்டும் உயரத்தில் நிற்பதும், விரைவில் பலன் தருவதும், திரும்பத் திரும்பப் பறிக்கக் கூடியதுமான பயிர்களே ஏற்றவை. இவற்றில் முதலிடம் கீரைக்கே. கோ 3 கீரையைக் கிள்ளிக் கிள்ளி எடுக்கலாம். விதைத்த 20 ஆம் நாள் முதல் கிள்ளல் தொடங்கி, சுமார் 10 முறை கிள்ளலாம். ஒரு சதுர மீட்டருக்கு 1 கிராம் விதைக்கும் குறைவாகவே போதும். விதை மிகச் சிறியது; நடுங்கும் கையால் தூவினால் ஓரிடத்தில் குவிந்துவிடும். பத்து மடங்கு மணலோடு கலந்து கொடுத்துவிட்டால் அந்தக் கவலை இல்லை. பொன்னாங்கண்ணி, புதினா ஆகியவற்றைத் தண்டு ஊன்றி வளர்க்கலாம். கொத்துமல்லி, வெந்தயக்கீரை, மணத்தக்காளி, வல்லாரை ஆகியனவும் நன்கு வரும்.

கொடி அவரைக்குப் பதிலாகக் கோ 13 போன்ற செடி அவரையை இடலாம். தக்காளியில் பி.கே.எம். 1 இரகத்தைக் குச்சி கட்டி வளர்க்கலாம். வெண்டை 60 செ.மீ. மேடையில் நின்றால் காய் தலைக்கு மேலே போய்விடும், சுனையும் அரிக்கும். அதைத் தாழ்ந்த தொட்டியில் வைக்கவும். மிளகாய் பறித்த கையால் கண்ணைத் துடைத்துக்கொள்பவர்கள் உண்டு என்பதால் அதனை நாங்கள் தவிர்த்துவிட்டோம்.

பூச்செடிகளை விட்டுவிடாதீர்கள். மல்லிகை, கனகாம்பரம், செவ்வந்தி இருந்தால் காலையில் பறித்து, பகலெல்லாம் தொடுத்துக்கொண்டிருப்பார்கள். பார்வை இழந்தவர்கள் மணத்தைக் கொண்டு செடியை அறிவார்கள். துளசி, மரு, தவனம், கற்பூரவல்லி ஆகியவற்றைப் பாதையின் திருப்பங்களில் வைத்தால் அவை வழிகாட்டியாகவும் பயன்படும்.

ஞாபக மறதி நோய் உள்ளவர்கள் கையில் கிடைத்ததை வாயில் போடக்கூடும். எனவே அரளி, ஊமத்தை, ஆமணக்கு, குன்றிமணி ஆகியவை தோட்டத்தின் பக்கத்தில்கூட இருக்கக் கூடாது. வேலியில் தானாக முளைத்திருந்தாலும் தேடிப் பிடுங்கிவிட வேண்டும். இவர்களுக்காகப் பாதையை முட்டுச் சந்தாக விடாமல், புறப்பட்ட இடத்திற்கே சுற்றி வருமாறு அமைக்க வேண்டும்.

நிலக்கடலை விதைத்த பெரியவர்

எங்கள் பட்டியலில் நிலக்கடலை இல்லை. 78 வயதுப் பெரியவர் ஒருவர், இரண்டு ஏக்கர் இறவையில் கடலை போட்டுப் பழகியவர், தமக்கு ஒதுக்கிய உறையில் கடலைதான் போடுவேன் என்றார். "ஐயா, இதில் இருபது செடிதான் நிற்கும், ஒரு படிகூடத் தேறாது. கீரை போட்டால் வாரா வாரம் பறிக்கலாமே" என்று நான் சொல்லிப் பார்த்தேன். "தம்பி, கீரை உங்க பட்டியல். கடலை என் பட்டியல்" என்றார். நான் விட்டுவிட்டேன்.

வரிசைக்கு வரிசை 30 செ.மீ., செடிக்குச் செடி 10 செ.மீ. என்று விரலால் அளந்து அவரே ஊன்றினார். நாற்பதாம் நாள் நான் போயிருந்தபோது, "ஜிப்சம் எங்கே?" என்று கேட்டார். எனக்கு மறந்தே போயிருந்தது. எக்டருக்கு 400 கிலோ என்ற நம்முடைய பரிந்துரையை அந்த வட்டத்திற்குக் கணக்கிட்டால் 25 கிராம்! பொட்டலம் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதை இட்டு, களைக்கொத்தியால் மண் அணைத்தார். நூற்றைந்தாம் நாள் பிடுங்கினார்கள். நான் சொன்னபடி ஒரு படி தேறவில்லைதான். சமையற்கூடத்தில் வேகவைத்து, அந்த இல்லத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் ஐந்தாறு காய் வீதம் அவரே தட்டில் எடுத்துச் சென்று கொடுத்தார். அதுவரை அறையை விட்டு வெளியே வராத இருவர் அடுத்த வாரம் உறை கேட்டார்கள். ஒருவர் எள்ளு வேண்டும் என்றார்!

1976 ஆம் ஆண்டில் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்திலுள்ள ஒரு முதியோர் இல்லத்தில் செய்த ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு தளத்தில் இருந்தவர்களிடம், உங்கள் அன்றாடக் காரியங்களை நீங்களே முடிவு செய்யலாம் என்று கூறி, ஆளுக்கொரு செடியை அவர்களே வளர்க்கும்படி கொடுத்தார்கள். மற்றொரு தளத்தில் செடியைக் கொடுத்தார்கள். தண்ணீர் ஊற்றும் பொறுப்பைச் செவிலியரிடம் விட்டார்கள். மூன்று வாரங்களில், முதல் தளத்தினர் அதிகச் சுறுசுறுப்போடும் மகிழ்ச்சியோடும் இருந்தது தெரியவந்தது. ஆய்வில் பங்கேற்றவர்கள் சிலரே என்பதால் இதை வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் கடலைப் பெரியவரைப் பார்த்தபின் எனக்கு அதில் வியப்பு ஏதும் இல்லை.

எனவே, எந்த உறை யாருடையது என்பதைப் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். என்ன பயிர் என்பதை அவரே சொல்லட்டும். பயிர் சரியாக வராமல் போனால் போகட்டும். அவர் தூங்கும் நேரத்தில் நாம் போய்க் களையெடுத்துச் சரிசெய்து வைப்பது உதவி ஆகாது.

நீர் பாய்ச்சுதல், கருவிகள்

மேடைப் பாத்தி தரையைவிட விரைவில் காயும். கோடையில் தினமும் நீர் தேவைப்படும். சொட்டுநீர் அமைத்தால் வேலை மிச்சமாகும் என்று சிலர் யோசனை கூறுவார்கள். வயலில் அது சரி. இங்கே வேலை மிச்சமாக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. காலையில் எழுந்து வெளியே வருவதற்கு அந்தத் தண்ணீர் ஊற்றும் வேலைதான் காரணமாக இருக்கிறது. பூவாளி மட்டும் சிறியதாக இருக்க வேண்டும். 10 லிட்டர் பூவாளி 10 கிலோவுக்கு மேல் கனக்கும். 2 லிட்டர் அளவே போதும். பாத்தியை ஒட்டியே தண்ணீர்த் தொட்டி இருந்தால் தூக்கி நடக்கும் தூரம் குறையும். தொட்டிக்கு மூடி போட்டுக் கொசு முட்டையிடாமல் பார்த்துக்கொள்ளவும்.

களைக்கொத்தி, மண்வாரி முதலியவற்றின் பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றினால் பிடி தடிக்கும்; மூட்டு வீங்கிய விரல்களுக்கு அது எளிது. நின்றபடியே பெரிய விதைகளை ஊன்ற ஒரு மீட்டர் நீளமுள்ள பிளாஸ்டிக் குழாயைப் பயன்படுத்தலாம். குழாயின் நுனியைக் குழியில் வைத்து மேலிருந்து விதையைப் போட்டால் போதும். 30 செ.மீ.க்கு ஒரு முடிச்சு போட்ட கயிற்றைப் பாத்தியின் குறுக்கே கட்டிவிட்டால், கண் தெரியாதவரும் முடிச்சைத் தடவி இடைவெளி விட்டு நடுவார்.

படுக்கையை விட்டு எழ முடியாதவர்களையும் மறந்துவிட வேண்டாம். குழித்தட்டில் மண் நிரப்புவது, அவரை விதை பொறுக்குவது, கடலை உடைப்பது போன்ற வேலைகளை மடியில் தட்டு வைத்தே செய்யலாம். துவரைக்குச் செம்மண் கட்டி வைக்கும் பக்குவத்தை எங்கள் இளம் பணியாளர் ஒருவருக்கு ஒரு பாட்டி கட்டிலில் உட்கார்ந்தபடியே கற்றுக்கொடுத்தார்.

உடல்நலப் பாதுகாப்பு

காலை ஒன்பது மணிக்குள்ளும், மாலை நான்கரை மணிக்குப் பிறகும் மட்டுமே தோட்ட வேலை இருக்க வேண்டும். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு வெயில் விரைவில் மயக்கம் உண்டாக்கும். தாகம் இல்லாவிட்டாலும் மருத்துவர் அனுமதித்த அளவில் தண்ணீர் குடிக்கச் செய்யவும்.

நீரிழிவு உள்ளவர்கள் விஷயத்தில் கண்டிப்பு தேவை. காலில் உணர்ச்சி குறைந்திருப்பதால் முள் குத்தியது தெரியாது. செருப்பும் கையுறையும் இல்லாமல் மண்ணில் வேலை செய்யக் கூடாது. மழைக்காலத்தில் ஈர மண்ணிலும் சேற்று நீரிலும் உள்ள ஒரு வகைக் கிருமி, காயத்தின் வழியே நுழைந்து மெலியாய்டோசிஸ் என்ற கடுமையான நோயை உண்டாக்கும். நீரிழிவுக்காரர்களையே அது அதிகம் தாக்குகிறது. சிறு காயத்தையும் கட்டுப்போட்டு மூடிய பிறகே வேலையைத் தொட வேண்டும். காய்ச்சல் வந்தால் மண்ணில் வேலை செய்ததை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். எல்லோரும் தனுர்வாதத் தடுப்பூசி போட்டிருக்கிறார்களா என்றும் பார்த்துக்கொள்ளவும்.

இரசாயனப் பூச்சி மருந்து இத்தோட்டத்திற்கு வேண்டவே வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பைத் தூளாக்கி, இரவு முழுவதும் ஊறவைத்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளித்தால் அசுவினி, இலைப்புழு ஆகியவை கட்டுப்படும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும், சிறுநீரக நோயாளிகளும் கீரையை எவ்வளவு உண்ணலாம் என்பதை மருத்துவரைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

உங்கள் ஊருக்கு அருகில்

உங்கள் ஊருக்கு அருகில் இத்தகைய இல்லம் இருந்தால், அங்கே பெரும்பாலும் பணம் இல்லாததைவிட மண்ணும் எருவும் ஆளும் இல்லாததே தடையாக இருக்கும். ஒரு டிராக்டர் செம்மண், அரை வண்டி மக்கிய எரு, உறைகளைத் தூக்கி வைக்க நான்கு பேருடைய ஒரு நாள் உழைப்பு ஆகியவற்றைக் கொண்டு ஆறு உறைகள் நிரப்பிவிடலாம். நாற்று மிஞ்சினால் வரப்பில் எறியாமல் கொண்டுபோய்க் கொடுக்கலாம். இரகங்கள், விதை பற்றிய விவரங்களுக்கு உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகவும்.

ஆடிப் பட்டத்திற்கு விதைப்பதானால் ஆனி மாதத் தொடக்கத்திலேயே உறைகளை வைத்து மண் நிரப்பிவிட வேண்டும். இரண்டு வாரங்கள் நீர் ஊற்றி அமர விட்டால் மண் சுமார் 5 செ.மீ. கீழே இறங்கும். அந்தக் குறையை எரு கலந்த மண்ணால் நிரப்பி, முளைத்திருக்கும் களைகளை நீக்கியபின் விதைக்கலாம். நிலக்கடலை கேட்பவர் யாராவது இருந்தால் ஜிப்சத்தை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளவும்.